அன்பும் சுயாதீனமும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கட்டளைக்குப் பணிந்து செய்யப்படும் அன்பு அன்பாகுமா? கிறித்தவ சமயத்தின் தலையாய கட்டளை, இறைவனை முழு உள்ளத்தோடும் நேசிக்க வேண்டும் என்பதாகும். பணி செய்யுமாறு கட்டளையிடலாம். வரி செலுத்துமாறும் கட்டளையிடலாம். நேசிக்குமாறு கட்டளையிடுவது எங்ஙனம்? நேசிக்காதிருக்கவும் இயலும் என்ற நிலை மனிதனுக்கு இருந்தாலன்றி அவன் நேசத்திற்குப் பொருளில்லை. அந்நிலை அவனுக்கு உண்டெனின், எல்லாம் வல்லவனின் விருப்பத்தையும் மனிதன் மறுத்துவிடலாம் என்றாகிறது. இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே கிறித்தவச் சிந்தனை பல நூற்றாண்டுகளாக ஊசலாடி வந்துள்ளது. இறையியலார்க்குரிய இவ்வினாவைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்குப் புறம்பானதன்று. ஐரோப்பாவில் இப்பிரச்சினை குறித்துத் தம்முள் முரண்பட்ட கிறித்தவப் பிரிவுகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வாவிக் கரையில் வந்திறங்கின. போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னர், 1618, 1619ஆம் ஆண்டுகளில், அவர்களது தாய்நாட்டில் டோர்ட் நகரிற் கூடிய திருச்சபை மன்றம், இறைவனது தெரிவை மனிதன் தடுத்துவிட முடியாது என்னும் கல்வினியக் கோட்பாட்டை உறுதிப்படுத்தி, அதனை மறுத்த ஆர்மினியசின் வழியினரைக் கண்டித்திருந்தது. 1814இல் மட்டக்களப்பை வந்தடைந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறைவதற்குள் இங்கேயே உயிர்நீத்தார். அவரது சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியோ, அருள் அனைவர்க்கும் அளிக்கப்படுகின்றது, ஆயின் மனிதன் அதனை ஏற்கவும் மறுக்கவும் வல்லவன் என்னும் கொள்கையினர்; 1778இல் தாம் தொடங்கிய சஞ்சிகைக்கு ஆர்மினியசின் பெயரையே சூட்டியவர். பின்னர் இங்கு வந்து கல்விப்பணி புரிந்த இயேசு சபைத் துறவியரின் மரபில், 1588இல் வெளிவந்த தமது நூலில் இறைவனின் முன்னறிவையும் மனிதனின் சுயாதீனத்தையும் இணக்க முயன்ற மொலீனா என்பார் தோன்றினார். அவருடைய கருத்தினாற் கத்தோலிக்க அறிஞரிடையே எழுந்த வாதம் பல ஆண்டுகள் நீடித்து, எக்கட்சிக்கும் வெற்றி கூறப்படாமலே 1607இல் நிறுத்தப்பட்டது.

கோட்பாட்டு வரலாறு இவ்வாறிருக்க, நடைமுறை வரலாறு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையின் கரையோரங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்க்கே அரச பதவி கிடைத்தது. பாடசாலைத் தோம்புகளிற் பிறப்பும் திருமணமும் பதியப்பட்டன. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என 1658இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. இவற்றின் விளைவாகத் தோம்பேடுகளிற் கிறித்தவர் தொகை பெருகியது. ஆயின், பிரித்தானியர் ஆட்சியில் அந்நிர்ப்பந்தங்கள் நீங்கியதும், ஏடுகளில் மட்டும் வாழ்ந்த அச்சமயத்தவருட் பெரும்பாலானோர் தம் முன்னைய நெறிகளுக்கே மீண்டனர். மறுபுறத்தில், சட்டத்தினால் ஒடுக்கப்பட்டிருந்த கத்தோலிக்கர், 1806இல் அத்தடைகள் அகற்றப்பட்டபோது தம் நம்பிக்கையோடு உயிர்ப்புடன் எஞ்சியிருந்தனர். நிர்ப்பந்தத்தினாற் பெற்றது நிர்ப்பந்தத்தோடு போயிற்று. நிர்ப்பந்தத்தை மீறிக் காத்தது நிலைத்தது. மனிதனது சுயாதீனத்தைப் பற்றி மன்றங்கள் எத்தீர்மானம் எடுத்திருப்பினும், உள்ளத்தைத் தோம்பிற் பதிய முடியாது என்பதை இலங்கை வரலாறு ஐயத்திற்கிடமின்றிக் காட்டிற்று.

தமிழ் மரபும் இவ்வினாவை அறியாததன்று. வைணவத்தின் இரு கலையாரும் தம் வேறுபாட்டை இரு உவமைகளால் விளக்குவர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கின்றது. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்கின்றது. உயிரின் முயற்சியும் வேண்டுமென்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். இறைவனின் அருளே யாவும் செய்யுமென்பது தென்கலையாரின் மார்ச்சால நியாயம். சைவத்திலும், இறைவனை வணங்குவதற்கே அவனருள் முன்னிற்க வேண்டும் என்பது மாணிக்கவாசகரின் அனுபவமாகும். ஆகவே கிறித்தவம் தமிழ்நிலத்திற்கு வந்தபோது, அதன் அருட்கோட்பாட்டைப் புரிந்துகொள்ளத்தக்க சொல்லும் சிந்தனையும் ஈண்டு ஏலவே இருந்தன.

இப்பின்னணியிலேயே கிருஷ்ணபிள்ளையை நோக்குதல் வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827இல் வைணவக் குடும்பமொன்றிற் பிறந்து, கம்பனிலும் பிரபந்தங்களிலும் தோய்ந்து, 1858இல் தம் முப்பத்தோராம் வயதில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், நற்போதகம் என்னும் இதழிற் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்ட இக்காப்பியம் அவருக்குக் கிறித்தவக் கம்பர் என்னும் பெயரை ஈட்டித் தந்தது. அப்பெயர் பொருந்துமா என்பதைச் சுயாதீனம் என்னும் உரைகல்லிலிட்டுப் பார்க்கலாம்.

மூலநூலாசிரியரான பனியன் கல்வினிய நெறியைச் சார்ந்தவர். இறைவன் தெரிந்துகொண்டவரே கரைசேர்வர் என்பது அவரது கொள்கை. ஆயின் அவர் வாழ்வோ தெரிவின் வாழ்வு. பிரசங்கம் செய்வதில்லை என உறுதியளித்தால் விடுதலை என்ற நிலையில், அவ்வுறுதியை அளிக்க மறுத்து 1660 முதற் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர் அவர். இம்முரண்பாடு அவர் நூலிலும் உண்டு. அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபட்ட யாத்திரிகன், பூட்டைத் திறக்கும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைப் பிந்தி உணர்கின்றான். பூட்டியவன் வேறொருவன்; திறக்க வல்லவனோ கைதி. அத்திறவுகோலும் அவன் செய்ததன்று, அவனுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியே அது. அருளையும் மனித முயற்சியையும் ஒரே பொருளிற் காட்டும் இக்காட்சி, பல இறையியல் நூல்களைவிடத் தெளிவானது.

எனினும் உருவகக் காப்பியம் என்னும் வடிவம், சுயாதீனத்தைச் சித்திரிப்பதற்குப் பெருந்தடையாகவும் அமைந்துவிடுகின்றது. பிடிவாதம் என்றே பெயர் பெற்ற அயலவன் யாத்திரிகனுடன் வர மறுத்துத் திரும்புகின்றான். நெகிழும் இயல்பையே பெயராகக் கொண்ட மற்றவன் சிறிது தூரம் வந்து, முதற் சேற்றிலேயே மனம் மாறி மீள்கின்றான். இவர்கள் வேறெவ்வாறு நடந்திருக்க முடியும்? பெயரிடப்பட்ட கணத்திலேயே இவர்களது முடிவும் எழுதப்பட்டுவிட்டது. பண்பு மனிதனிடம் இருப்பதற்குப் பதிலாகப் பண்பே மனிதனாக நடமாடும்போது, தெரிவு என்பதற்கு அங்கு இடமில்லை. பனியனின் கோட்பாட்டுக்கு இவ்வடிவம் இயைபுடையதே. ஆயின் இறைவன் மனித அன்பை இரந்து நிற்கின்றான் என உருகிப் பாடும் கிருஷ்ணபிள்ளை இதே வடிவத்தை ஏற்றமை, அவரது உணர்வுக்கும் நூலமைப்புக்கும் இடையே ஒரு பிளவைத் தோற்றுவித்துள்ளது. பக்திப் பாடல்களில் உயிர் தளும்பும் இந்நூல், கதைமாந்தரை உருவாக்குமிடத்துச் சோர்வதற்குக் காரணம் இதுவே எனலாம்.

இக்குறை, அவர் ஆசானாகக் கொண்ட கம்பனை அருகில் வைத்து நோக்குமிடத்து மேலும் புலப்படும். வீடணனும் கும்பகருணனும் ஒரு குடியிற் பிறந்தவர்கள். இராவணன் செய்தது பிழை என்பதை இருவரும் அறிவர். இருவரும் அதனை அவனிடம் எடுத்துரைக்கின்றனர். ஒருவன் அறத்தை நாடி அண்ணனைப் பிரிகின்றான். மற்றவனோ வீடணனே வந்து அழைத்த பின்னரும், உண்ட சோற்றின் கடனை நினைந்து, தோல்வி உறுதியென அறிந்தே போர்க்களஞ் செல்கின்றான். இவ்விருவரின் முடிவுகளையும் அவர்தம் பெயரிலிருந்தோ பிறப்பிலிருந்தோ நாம் ஊகிக்க முடியாது. அழைப்பு மெய்யானது, மறுப்பும் மெய்யானது. அதனாலேயே கும்பகருணனின் வீழ்ச்சி நம்மைக் கலங்கவைக்கின்றது. அருள் மறுக்கப்படும் காட்சியொன்று இத்தகைய துயரத்தோடு இரட்சணிய யாத்திரிகத்தில் அமைந்திருப்பின், கிருஷ்ணபிள்ளைக்குச் சூட்டப்பட்ட பெயர் முற்றும் பொருந்தியிருக்கும். கம்பனின் சொல்லாட்சியையும் ஓசையையும் பெற்றுக்கொண்ட புலவர், அவனுடைய மாந்தரின் சுயாதீனத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆயினும் ஆய்வை இத்துடன் நிறுத்துவது கவிஞருக்கு அநீதியாகும். மனித மாந்தரிடத்திற் காட்டத் தவறிய சுயாதீனத்தை அவர் இயேசுபெருமானிடத்து முழுமையாகக் காட்டியுள்ளார். பெருமான் பகைவரின் கையிற் கட்டுண்டு நிற்கும் காட்சி இக்காப்பியத்தின் சிகரங்களுள் ஒன்று. அங்கு கவிஞர், அவரைப் பிணித்தது கயிறென்று எண்ணவேண்டாம் எனவும், தம்மைப் பகைத்த மாந்தரையும் எண்ணி உருகும் நேசமே அவரை இறுகப் பிணித்திருந்தது எனவும் கூறுகின்றார். கட்டை அறுக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அறுக்க அவர் விரும்பவில்லை. கயிறு என்னும் பொருளும் அன்பு என்னும் பொருளும் ஒருங்கே தரும் பாசம் என்ற சொல்லைக் கவிஞர் இங்கே ஆள்கின்றார். சைவ சித்தாந்தத்திற் பாசம் என்பது உயிரைப் பிணித்துள்ள ஆணவம், கன்மம், மாயை என்னும் தளையாகும். இறைவன் அதன் தொடர்பற்றவன். அச்சொல்லைக் கிருஷ்ணபிள்ளை இறைவன் மேலேயே ஏற்றி, அவன் தானே விரும்பி அணிந்துகொண்ட தளையாக மாற்றிவிடுகின்றார். இது வெறும் சிலேடையன்று. அன்பின் இலக்கணமே இங்கு வகுக்கப்படுகின்றது: விடுபட வல்லவன் விடுபடாதிருத்தலே அன்பு. கட்டுப்படுதலுக்கும் சுயாதீனத்துக்கும் பகையுண்டு என எண்ணியிருந்த நமக்கு, சுயாதீனத்தின் உச்சமே கட்டுண்ணலாக இருத்தல் கூடும் என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். அன்புக்குத் தெரிவு இன்றியமையாததெனின், தாய்மேற் பிள்ளை கொண்ட அன்பு யாது? எந்தப் பிள்ளையும் தாயைத் தெரிந்தெடுத்ததில்லை. அதனால் அவ்வன்பைப் பொய்யென எவரும் கூறார். இத்தடை வலிமையானது, தெரிவு என்னும் சொல்லை அங்காடியிற் பொருள் தெரிவதைப்போன்று கொள்வோரின் வாதத்தை இது முறித்துவிடுகின்றது. நாம் நேசிக்கும் பலவற்றை நாம் தெரியவில்லை. அவை நமக்கு வாய்த்தன. ஆயின் வாய்த்த அன்புக்கு இசைவதும் இசைய மறுப்பதும் நம்பாலுள்ளன. வளர்ந்த பின் தாயைக் கைவிடும் மகனும் உண்டு. இறுதிவரை பேணும் மகளும் உண்டு. சுயாதீனம் அன்பின் தொடக்கத்தில் இல்லாதிருக்கலாம். அதன் நிலைபேற்றில் அது இருந்தே தீரும். இங்ஙனம் நோக்கின், வைணவரின் இரு உவமைகளுக்கும் இடையேயுள்ள தூரம் குறைகின்றது. பூனைக்குட்டி தாயைப் பற்றுவதில்லை என்பது உண்மையே. ஆயின் அது திமிறுவதுமில்லை. திமிறாதிருத்தலும் ஒருவகை இசைவன்றோ?

நம் வாவியும் இதற்கொரு சான்று தருகின்றது. மாரிகாலத்தில் நீர் பெருகி வயல்களும் மனைகளும் மூழ்கும் நிலை வருமாயின், முகத்துவாரத்தை மறித்துள்ள மணற்றிட்டு வெட்டிவிடப்படுவதுண்டு. வெட்டுவோர் கடலைப் படைத்தவரல்லர்; வெள்ளத்தைத் தந்தவருமல்லர். அவர்கள் செய்வது சிறு வாய்க்காலொன்றைத் திறப்பதே. எஞ்சியதை நீரே செய்துகொள்கின்றது. அருளுக்கு முன் மனித சுயாதீனத்தின் அளவு இத்துணையே எனினும், அத்துணையேனும் உண்டு.

மட்டக்களப்பு ஈன்ற விபுலாநந்த அடிகளின் ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என்னும் பாடலும் இவ்வினாவுக்கு மறுமொழி பகர்வதாகக் கொள்ளத்தக்கது. 1892இற் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்த அடிகளார், கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பிற் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். கிறித்தவ நிறுவனங்களிடமிருந்து கல்வியைப் பெற்ற அவர், 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். கல்வி தந்தவர் உள்ளத்தை விலையாகக் கொள்ளவில்லை. பெற்றவரும் நன்றியை மறந்தாரல்லர். அவரது பாடல், இறைவன் விரும்பும் மலர் யாதென வினவி, சோலை மலர்களை விடுத்து, உள்ளமாகிய கமலத்தையும், கூப்பிய கையாகிய காந்தளையும், நாட்டமுற்ற விழியாகிய நெய்தலையும் முறையே விடையாகத் தருகின்றது. இம்முறைவைப்பு கருதத்தக்கது. சோலையிற் பூத்த மலரை ஒருவன் பறிக்க மற்றொருவன் படைக்கலாம். கையைக்கூட அதிகாரம் படைத்தவர் கூப்புவித்துவிடலாம்; ஒல்லாந்தர் ஆட்சியிற் கூப்பப்பட்ட கைகள் எத்தனை! உள்ளமாகிய மலரை மட்டும் உடையவனன்றிப் பிறர் படைத்தல் இயலாது. ஆகவே அது முதலில் வைக்கப்பட்டுள்ளது. அதனைத் தொடர்ந்தே கையும் கண்ணும் பொருள் பெறுகின்றன. கிருஷ்ணபிள்ளை இறைவனின் சுயாதீனத்தைப் பாடினாரெனின், அடிகளார் அடியவனின் சுயாதீனத்தைப் பாடினார். இரு நெறியினராயினும், கட்டாயத்தாற் பெறப்படும் வழிபாட்டை இருவர்தம் இறைவனும் வேண்டுவதில்லை.

நமது வழிபாட்டு வாழ்வையும் இவ்வுரைகல்லில் உரசிப் பார்த்தல் தகும். மாமாங்கேசுவரத்திலும் கண்ணகை அம்மன் கோயில்களிலும் ஆயித்தியமலை மாதாவின் சந்நிதியிலும் நாம் நேர்த்திக்கடன் செலுத்துகின்றோம். கடன் என்ற அச்சொல்லே நம் உறவின் தன்மையை ஓரளவு காட்டிக்கொடுக்கின்றது. இடர்ப்பட்டவரின் நேர்த்தியைப் பழிப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும் யோபுவின் சரிதத்திற் சாத்தான் தொடுக்கும் வினா நம்மையும் நோக்கியதே: பயனேதுமின்றி ஒருவன் இறைவனை நேசிப்பானா? ஊதாரி மைந்தனின் உவமையிலும், வீட்டைவிட்டு அகலாத மூத்தமகன், தான் செய்த ஊழியத்தைக் கணக்கிட்டுக் காட்டித் தந்தையிடம் முறையிடுகின்றான். அகன்றவன் சுயாதீனத்தைத் தவறாகப் பயன்படுத்தினான். அகலாதவனோ அதனைப் பயன்படுத்தவேயில்லை. தந்தை இருவருக்காகவும் வீட்டின் வெளியே வருகின்றார்.

இறுதியாக, இக்கோட்பாட்டின் எல்லையையும் கூறியாகவேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தபோது சிறுவர் பலரும் உயிரிழந்தனர். அன்பு செய்யும் சுயாதீனம் உண்டெனின் கொலை செய்யும் சுயாதீனமும் உண்டென்றே ஆகும். இறைவன் ஒன்றைக் காக்கும்பொருட்டு மற்றொன்றைப் பொறுத்துக்கொள்கின்றான் என்பது மெய்யியலார் கூறும் சமாதானம். தர்க்கத்தில் இது பிழையற்றதாக இருக்கலாம். ஆயின் பிள்ளையை இழந்த தாயிடம் இத்தர்க்கத்தைக் கூற முற்படுபவன் தர்க்கத்தையும் அறியாதவன், அன்பையும் அறியாதவன். மேலும், 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் அள்ளிச்சென்ற ஆழிப்பேரலை எவருடைய சுயாதீனத்தின் விளைவு? மனிதனின் சுயாதீனத்தைக் கொண்டு மனிதனின் கொடுமையை ஓரளவு விளக்கலாம்; கடலின் கொடுமையை விளக்க முடியாது. இக்குறையை மறைத்துக் கோட்பாட்டை முழுமையானதாகக் காட்டும் எழுத்து, சமயத்திற்கும் இலக்கியத்திற்கும் நன்மை செய்வதில்லை.

இவ்விடத்தில்தான் கிருஷ்ணபிள்ளையின் கட்டுண்ட இறைவன் மீண்டும் நினைவுக்கு வருகின்றான். துன்பம் ஏன் என்னும் வினாவுக்கு அக்காட்சி மறுமொழி தரவில்லை. துன்பத்திலிருந்து விலகிக்கொள்ள வல்ல ஒருவன் விலகாது நின்றான் என்பதை மட்டுமே அது கூறுகின்றது. பிள்ளைகளை இழந்த பின்னரும் மறு ஞாயிறு வழிபாட்டிற்குச் சென்றோர் இவ்வூரில் உளர். செல்ல இயலாது வீட்டிலிருந்தோரும் உளர். முன்னவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பின்னவரை எவரும் பழித்தலாகாது. உருவகக் காப்பியம் இவர்களுக்கு விசுவாசி, அவிசுவாசி எனப் பெயரிட்டு வேறு வேறு பாதையிற் செலுத்திவிடும். ஆனால் தம் நூலுக்குப் பெயரிட்டபோது கிருஷ்ணபிள்ளை, அதன் தலைவனை அவனுடைய குணத்தாற் சுட்டாது, அவன் செய்யும் செயலாலேயே சுட்டினார். யாத்திரிகன் என்பவன் நடப்பவன். நிற்கவும் திரும்பவும் இயன்றும் நடப்பவன். தம்மைவிட்டுப் பலர் அகன்ற வேளையில், எஞ்சிய பன்னிருவரிடமும் போக விருப்பமுண்டோ என இயேசு வினவியதாக நற்செய்தி கூறுகின்றது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கப்பட்ட அவ்வினாவினுள்ளேயே, அன்பு செய்யுமாறு இடப்பட்ட கட்டளையின் பொருளும் அடங்கியுள்ளது.